பழைய மொறிஸ் மைனர் காரின் முன் சஸ்பென்ஷனைக் கழற்றப் போகிறீர்களா?

கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கம் கடற்காற்றில் நிற்கும் கார்களில் நட்டுகள் துருவேறி இறுகிப்போயிருக்கும். முதல் நாள் மாலையே துருநீக்கி எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள். காரின் அடிச்சட்டத்துக்குக் கீழே உறுதியான ஸ்டாண்ட் வேண்டும்.

மைனரில் சுருள்வில் கிடையாது. டோர்ஷன் பார் என்ற நீளமான எஃகுக் கம்பி முறுகித்தான் பாரத்தைத் தாங்குகிறது. அந்த முறுக்கு மிச்சமிருக்கும்போது மேல் இணைப்பைக் கழற்றினால் கீழ்க்கை, அதாவது சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பிடித்திருக்கும் இரும்புக் கை, அடித்து இறங்கும், உங்கள் கை போய்விடும். சக்கரத்தைக் கழற்றியதும் கீழ்க்கைக்கு அடியில் இன்னொரு ஜக் வைத்துச் சற்று உயர்த்துங்கள். பிறகு ஷொக் அப்சோர்பர் கையிலிருந்து மேல் இணைப்பை விடுவித்து, ஜக்கை மெதுவாக இறக்குங்கள். பிரேக் ஹோஸை முன்னதாகவே கழற்றிவிடுங்கள், அதில் பாரம் தொங்கக் கூடாது.

பாரின் இரு முனைகளிலும் பற்கள் பொருந்தும் இடத்தைப் பெயின்ற்றால் குறியுங்கள். உளியால் கொத்திக் குறிப்பது பெரும் முட்டாள்தனம்: அந்தக் கீறலிலிருந்தே பார் வெடிக்கும். இடது பாரை வலதுபுறம் மாற்றிப் போடவும் கூடாது.

மூட்டுகளில் இருக்கும் புஷ்களை வாங்க, வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது பழையதையும் கையில் கொண்டுபோங்கள்.