கேஸ் போடும் முன் அளந்து பாருங்கள்: ஸ்பிளிட் ஏசி சர்வீஸ் பழகுவோருக்கு

"கூலிங் பத்தலை" என்று கூப்பிட்ட வீட்டுக்குள் கேஸ் சிலிண்டரோடு நுழையாதீர்கள். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோவதில்லை. மூடிய குழாய்க்குள் அதுவே சுற்றி வருகிறது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவைத் தேடாமல் டாப்-அப் செய்வது வாடிக்கையாளர் பணத்தைக் காற்றில் விடுவதுதான்.

முதலில் 18 டிகிரி வைத்து 15 நிமிடம் ஓட்டுங்கள். உள்ளே இழுக்கும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் தெர்மாமீட்டரால் அளந்தால், வித்தியாசம் பொதுவாக 8 முதல் 12 டிகிரி இருக்கும். கிளாம்ப் மீட்டரில் ஆம்பியரைப் பார்த்து, அவுட்டோர் யூனிட் ஸ்டிக்கரில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள்.

இன்டோர் யூனிட்டின் காயிலில் (கேஸ் ஓடும் குளிர்க்குழாய் அடுக்கு) ஐஸ் கட்டியிருந்தால் எங்கே என்று கவனியுங்கள். காயில் முழுக்கப் படர்ந்திருந்தால் பெரும்பாலும் காற்றோட்டக் குறைவு: ஃபில்டர் அடைப்பு, புளோயர் சக்கரத்தில் அழுக்கு. ஒரு ஓரத்திலும் சின்ன பைப்பிலும் மட்டும் என்றால் கேஸ் குறைவைச் சந்தேகிக்கலாம்.

ஏசிக்கு மின்சாரம் தரும் எம்சிபி சுவிட்சை அணைத்துவிட்டே காயிலைக் கழுவ வேண்டும். இன்வெர்ட்டர் போர்டில் உள்ள கெபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். 10 நிமிடம் பொறுத்து, மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள். போர்டையும் மோட்டாரையும் பாலிதீனால் மூடுங்கள். காயிலில் தண்ணீரை நேராக அடியுங்கள். சாய்த்து அடித்தால் ஃபின் (காயிலில் உள்ள மெல்லிய தகடு) மடங்கும். டிரெயின் டிரேயில் சேர்ந்த பாசியை எடுத்து, ஒரு மக் தண்ணீர் ஊற்றி வெளியே போகிறதா என்று பாருங்கள். வீட்டுக்குள் தண்ணீர் சொட்டுவதற்குப் பெரும்பாலும் இந்த அடைப்புதான் காரணம்.

அவுட்டோர் ஃபேன் ஓடியும் கம்ப்ரசர் முனகி நின்றால், பழைய ஃபிக்ஸட் ஸ்பீடு மாடலில் (இன்வெர்ட்டர் இல்லாமல் ஒரே வேகத்தில் ஓடுவது) முதலில் கெபாசிட்டரைச் சோதியுங்கள். டிஸ்சார்ஜ் செய்துவிட்டு அளங்கள். மேலே 50 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டு, மீட்டர் 40 காட்டினால் மாற்ற வேண்டியதுதான்.

இவ்வளவும் சரியாக இருந்தும் கூலிங் இல்லை என்றால் கேஸ் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் மாட்டலாம். ஓடும்போது குறை அழுத்தப் பக்கத்தில், ஆர்22 வகை கேஸில் சுமார் 60-70 பிஎஸ்ஐ (அழுத்த அளவு), ஆர்32 வகையில் சுமார் 120-145 வரும். இன்வெர்ட்டரில் கம்ப்ரசர் வேகம் மாற மாற இதுவும் மாறும், ஆகவே கேஜை மட்டும் நம்பி கேஸ் ஏற்றக் கூடாது.

கசிவு பெரும்பாலும் ஃபிளேர் நட்டில் (குழாயை யூனிட்டோடு இணைக்கும் நட்) இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கு காட்டிக்கொடுக்கும். இருக்கும் கேஸை மீட்பு சிலிண்டருக்கு எடுத்துவிட்டு, நைட்ரஜனை 300 பிஎஸ்ஐ வரை ஏற்றி, சோப்பு நுரை தடவுங்கள். நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜனை ஒருபோதும் ஏற்றாதீர்கள். கம்ப்ரசர் ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும், உயிர் போகும். ஆர்32 தீப்பற்றக்கூடியது என்பதால், லைனில் கேஸ் இருக்கும்போது பைப்பைப் பற்றவைக்கும் கேஸ் டார்ச்சை வைக்கக் கூடாது, ஜன்னலும் திறந்திருக்கட்டும்.

அடைத்த பின் வேக்வம் பம்ப்பால் உள்ளே உள்ள காற்றை 500 மைக்ரானுக்குக் (வெற்றிட அளவு) கீழே இழுத்து, பம்ப் பக்க வால்வை மூடி, வேக்வம் மீட்டர் ஏறுகிறதா என்று 10 நிமிடம் பாருங்கள். ஏறாவிட்டால் ஸ்டிக்கரில் உள்ள எடையைத் தராசில் வைத்து நிரப்புங்கள். ஆர்410ஏ கலவை கேஸ் என்பதால் திரவமாகத்தான் ஏற்ற வேண்டும்.

கடைகளில் கூரையில் பொருத்தியிருக்கும் கேசட் யூனிட்டில் கூடுதலாக டிரெயின் பம்ப்பைச் சோதிக்க வேண்டும். த்ரீ-ஃபேஸ் மின்சாரத்தில் ஓடும் ஸ்க்ரோல் வகை கம்ப்ரசர் சத்தம் போட்டு, குறை அழுத்தம், அதிக அழுத்தம் என்ற இரண்டு கேஜும் கிட்டத்தட்ட ஒரே அளவிலேயே நின்றால், உடனே நிறுத்துங்கள். ஃபேஸ் மாறி அது தலைகீழாகச் சுற்றுகிறது. சப்ளையை அணைத்து இரண்டு ஃபேஸ் வயர்களை இடம் மாற்றினால் சரியாகிவிடும்.