தெற்கு ஜன்னலோரம் ஆக்‌ஷன் ஃபிகர்களைப் படம் எடுப்பது எப்படி

ஆக்‌ஷன் ஃபிகர் (கைகால் மடங்கும் சின்னப் பொம்மை) படம் எடுப்பதைப் பற்றித் தேடினால் பெரும்பாலும் முதலில் கிடைக்கும் அறிவுரை "வடக்கு பார்த்த ஜன்னலோரம் வையுங்கள்" என்பதுதான். நானும் அதை நம்பி, தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு வடக்கு ஜன்னலோரம் ஆறு மாதம் பொம்மைகளை நிறுத்தி நிறுத்தி எடுத்தேன். எல்லாப் படத்திலும் முகத்தில் ஒரு பாதி சுண்ணாம்பு அடித்த மாதிரி, மறு பாதி கரி. அப்புறம்தான் உறைத்தது, அதை எழுதியவர்கள் பூமத்திய ரேகைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். டர்பனில் நடுப்பகல் சூரியன் வருஷம் முழுக்க நமக்கு வடக்கேதான் நிற்கும், அதனால் வடக்கு ஜன்னலில் நேர் வெயில் விழும், ஜூன் ஜூலையில் அறையின் உள்சுவர் வரைக்கும் வரும். நமக்கு வேண்டியது தெற்கு ஜன்னல். டிசம்பரை ஒட்டிய கோடை மாதங்களில் காலையிலும் சாயங்காலத்திலும் மட்டும் அதில் வெயில் எட்டிப் பார்க்கும், மற்ற நேரமெல்லாம் வானத்து வெளிச்சம்தான், மெத்தென்று இருக்கும்.

தெற்கு ஜன்னல் இல்லையென்றால் வடக்கு ஜன்னல் கண்ணாடியில் கேக் சுடும் பேக்கிங் பேப்பரை ஒட்டிவிடுங்கள், வேலை முடிந்தது.

மேசையை ஜன்னலிலிருந்து ஒரு கை தூரத்தில் போட்டு, வெளிச்சம் பொம்மைக்குப் பக்கவாட்டில் விழுகிற மாதிரி நிறுத்துங்கள். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டை, சீரியல் டப்பாவைப் பிரித்து வெள்ளைத் தாள் ஒட்டினால் போதும். அட்டையை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தால் நிழல் கரைவதும் கறுப்பதும் கண்ணுக்கே தெரியும். முக்கியமாக, அறை பல்பை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சம் நீலம், பல்பு மஞ்சள், இரண்டும் சேர்ந்தால் பொம்மையின் ஒரு கன்னத்துக்கு மட்டும் மஞ்சள் காமாலை வந்த மாதிரி இருக்கும், அதைச் செயலியில் எளிதில் சரி செய்ய முடியாது.

வேலைக்குப் போகிறவர்களுக்குக் குளிர்காலத்தில் பகல் வெளிச்சம் கிடைக்காது, ஜூனில் ஐந்து மணி தாண்டியதுமே சூரியன் போய்விடுகிறது. அதற்கு 2023-ல் லோட் ஷெடிங் (மின்வெட்டு) தாங்க முடியாமல் வாங்கினோமே ரீசார்ஜ் விளக்கு, அதைத் தேடி எடுங்கள். அப்படியே காட்டினால் டார்ச் அடித்த மாதிரிதான் வரும், ஏனென்றால் விளக்கின் முகம் சின்னது, நிழல் கத்தி வெட்டு மாதிரி விழும். விளக்குக்கு ஒரு சாண் முன்னால் ஏ4 அளவு பேக்கிங் பேப்பரைத் தொங்கவிடுங்கள். பொம்மையின் உயரம் 15 செ.மீ. என்றால் 30 செ.மீ. தாள் அதைவிட இரண்டு மடங்கு உயரம், ஆளுக்குப் பக்கத்தில் பன்னிரண்டு அடி ஜன்னல் இருப்பதற்குச் சமம். ஸ்டூடியோக்காரர்கள் ஆயிரக்கணக்கான ராண்ட் கொடுத்து வாங்கும் சாமான் நமக்கு அடுக்களை அலமாரியிலேயே கிடக்கிறது. பொம்மை சின்னதாக இருப்பதில் இந்த ஒரு லாபம் உண்டு. இரண்டாவது விளக்கு இருந்தால் பின்னால் ஒரு மூலையில் வையுங்கள், தோளிலும் தலையிலும் ஒரு வெள்ளிக் கோடு விழுந்து பின்னணியிலிருந்து ஆளைப் பிரித்துக் காட்டும். பிளக்கில் எரியும் மலிவான எல்இடி சில நேரம் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு போடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 வினாடியில் வைத்தால் அது போய்விடும்.

கேமரா என்று தனியாக வேண்டாம், போனே போதும், ஆனால் போனைப் பொம்மையின் மூக்குக்கு நேரே கொண்டுபோகாதீர்கள். கிட்டே போனால் சில போன்கள் தானாகவே அகல லென்ஸுக்கு மாறிவிடும், மூக்கு பெருத்து, கால் சுருங்கி, பொம்மை பொம்மையாகவே தெரியும். இரண்டு மூன்று அடி தள்ளி நின்று 2x ஜூமில் எடுங்கள். லென்ஸ் பொம்மையின் நெஞ்சு உயரத்துக்கு இறங்க வேண்டும், அதற்குக் கீழே போனால் இன்னும் நல்லது. நாம் நின்றபடி மேலிருந்து எடுப்பதால்தான் அது மேசை மேல் கிடக்கும் சாமானாகத் தெரிகிறது. பெரிய கேமரா வைத்திருப்பவர்கள் ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துளை அளவு) 8 அல்லது 11, இரண்டு வினாடி டைமர், ஸ்டாண்ட். எஃப் 2-இல் எடுத்தால் இவ்வளவு கிட்டத்தில் ஒரு கண் தெளிவாகவும் மறு கண் மங்கலாகவும் வரும்.

நிற்க வைப்பதுதான் நிஜமான வேலை. டப்பாவிலிருந்து எடுத்த பொம்மை அட்டென்ஷனில் நிற்கும், மனுஷன் அப்படி நிற்க மாட்டான். ஒரு காலில் பாரம் போட்டு, இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தால் தோளை எதிர்ப்பக்கம் சாய்த்து, தலையைக் கொஞ்சம் குனிய வையுங்கள். சந்தேகம் வந்தால் நீங்களே கண்ணாடி முன் நின்று அந்த போஸைச் செய்து பாருங்கள், வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை. விழுந்துகொண்டே இருந்தால் காலடியில் பட்டாணி அளவு பிரஸ்டிக் (சுவரில் தாள் ஒட்டும் பசைக்களி). மூட்டு இறுகிக் கிடந்தால் முறுக்காதீர்கள், ஹேர் டிரையரில் அரை நிமிடம் காட்டினால் பிளாஸ்டிக் இளகிவிடும். புதிதாக வாங்கிய ஒன்றின் முழங்கையை அவசரத்தில் முறித்த கை இது. பறக்கிற மாதிரி வேண்டுமென்றால் முதுகுப் பக்கம் கம்பியில் தாங்கி ஒரு படம், போனை அசைக்காமல் பொம்மையை எடுத்துவிட்டு வெறும் பின்னணியை ஒரு படம். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக் கம்பியை மட்டும் அழித்துவிடலாம்.

இனி இடம் அமைப்பது, எனக்குப் பிடித்த பகுதி. 1/12 அளவுப் பொம்மைக்கு எல்லாவற்றையும் பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள். மூன்று செ.மீ. கறிவேப்பிலை அவனுக்கு முப்பத்தாறு செ.மீ. இலை, அதாவது காட்டுச் செடி. தைம் (சமையலுக்குப் போடும் மணச்செடி) கொத்து ஒன்றைப் பிரஸ்டிக்கில் நட்டால் அடர்ந்த மரம். சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டில் பொறுக்கி எடுத்த கோணல் இஞ்சி, ஒரு பக்கம் உடைந்திருந்தால் இன்னும் நல்லது, பக்கவாட்டு வெளிச்சத்தில் மலைப்பாறையேதான். இஞ்சி வாங்குகிறவர்கள் எல்லோரும் வழவழப்பானதைத் தேடும்போது நான் மட்டும் முடிச்சு விழுந்ததைத் தேடுவதைப் பார்த்து, காய்கறி அக்கா என்னைச் சமைக்கத் தெரியாதவன் என்று முடிவு கட்டிவிட்டார். கடற்கரை மணல் எடுத்தால் நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, டீ வடிகட்டியில் சலித்துக்கொள்ளுங்கள். சலிக்காத மணலில் ஒவ்வொரு பருக்கையும் அவனுக்கு ஜல்லிக்கல். உப்போடு மூட்டுக்குள் போனால் கரகரக்கும், உள்ளே ஸ்க்ரூ இருந்தால் துருப்பிடிக்கும்.

மணலுக்குப் பதில் மஞ்சள்தூளைக் கொட்டிப் பாலைவனம் செய்யலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தோன்றியது. படம் அருமையாக வந்தது, வெள்ளைக் கவசம் போட்ட என் படைவீரன் முழங்கால் வரை நலங்கு வைத்த மாப்பிள்ளை ஆகிவிட்டான். சோப்பு, டூத்பேஸ்ட் எதற்கும் அசையவில்லை. ஆயாதான், "வெள்ளைச் சட்டையில மஞ்ச பட்டா என்னப்பா செய்வோம், வெயில்ல போடு" என்றார். வெயிலுக்கு மஞ்சள் நிறம் தாங்காது, இரண்டு நாளில் பெரும்பாலும் வெளுத்துவிட்டது. ஆனால் அதற்கு மேல் விட்டுவிடாதீர்கள், வெள்ளைப் பிளாஸ்டிக் அதே வெயிலில் தன்பாட்டுக்குப் பழுப்பேற ஆரம்பிக்கும், அந்தப் பழுப்பு லேசில் போகாது.

புகை வேண்டுமா, வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் நேரம் வரை காத்திருங்கள். ஃபேனை நிறுத்தி, கதவைச் சாத்தி, தூபக்காலை மேசைக்குக் கீழே பின்பக்கமாக வையுங்கள். முன்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் புகை தெரியவே தெரியாது. விளக்கு பின்னால், பின்னணி கறுப்பு, அப்போதுதான் சுருள் சுருளாகப் பிடிக்கும். முதல் புகை கட்டியாக வரும், கொஞ்சம் பரவ விட்டு, பத்துப் பதினைந்து படம் தொடர்ந்து தட்டுங்கள், ஒன்று தேறும். அப்புறம் பொம்மையைத் துடைத்துவிட வேண்டும், சாம்பிராணி ஒரு பிசுக்கு விடும்.

தூசி இருக்கிறதா என்று படம் எடுப்பதற்கு முன்னால் பாருங்கள், எடுத்த பிறகு அல்ல. கண்ணுக்குத் தெரியாத ஒரு நூல் படத்தில் கயிறாகத் தெரியும். மென்மையான மேக்கப் பிரஷ் ஒன்றை இதற்கென்றே வாங்கிவிடுங்கள், அக்காவுடையதை எடுக்க வேண்டாம். மிச்சம் மீதியை ஸ்னாப்சீட் செயலியின் ஹீலிங் கருவியால் தொட்டு அழித்துக்கொள்ளலாம், நிறத்தை மட்டும் அதிகம் ஏற்றாதீர்கள்.

முடிந்ததும் காலடிப் பிரஸ்டிக்கை உடனே பிய்த்துவிடுங்கள். டர்பன் பிப்ரவரிப் புழுக்கத்தில் ஒரு வாரம் அப்படியே விட்டால் எண்ணெய்க் கறை இறங்கிவிடும். இஞ்சியைக் கழுவி அடுக்களையில் திரும்ப வைத்துவிடலாம், பிரஸ்டிக் ஒட்டிய பக்கத்தை மட்டும் சீவிவிட்டு.