ஜப்பானிய மொழியில் இயேசு சபையினரைக் குறிப்பிடுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முத்துக்குளித்துறையில் மறைப்பணியாற்றிய புனித சவேரியார் 1549-இல் ககோஷிமாவில் கரையிறங்கியதிலிருந்து தொடங்கும் ஜப்பானியத் திருச்சபை வரலாற்றைத் தமிழில் எழுதும்போது, மூலத்தில் வரும் துறவறச் சொற்கள் அனைத்தையும் ‘பாதிரியார்’ என்று பெயர்த்துவிடும் பழக்கம் உண்டு. துறவற சபையின் உறுப்பினராக இருப்பது வேறு, குருப்பட்டம் பெற்றிருப்பது வேறு என்பதை ஜப்பானிய மொழி தெளிவாகப் பிரித்துக் காட்டுவதால், இந்தப் பழக்கம் வரலாற்றையே திரித்துவிடுகிறது.

இயேசு சபைக்கு ‘இயெஸுஸுகாய்’ என்று பெயர். ‘இயெஸுஸுகாய்ஷி’ என்பது அதன் உறுப்பினரை, அவர் குருவானாலும் சகோதரரானாலும், குறிக்கும். ‘ஷிம்பு’ என்பதோ குருவுக்கு மட்டுமே உரியது. 1597 பிப்ரவரி 5 அன்று நாகசாகியில் சிலுவையில் அறைந்து கொல்லப்பட்ட 26 பேரில் இயேசு சபையினர் மூவர். அவர்களுள் ஒருவர்கூடக் குரு அல்லர். மறையுரையால் பெயர்பெற்ற புனித பால் மீகியை ‘அருட்தந்தை’ என்று எழுதுவது, மரியாதை கருதிச் செய்தாலும், பிழையே. அக்கால வழக்கில் அவர் ‘இருமான்’, அதாவது சகோதரர். குருவை அன்று ‘பாதெரென்’ என்றனர். இரண்டும் போர்ச்சுக்கீசியத்திலிருந்து வந்தவை. 1587-இல் ஜப்பானின் ஆட்சியாளர் ஹிதெயோஷி பிறப்பித்த வெளியேற்ற ஆணையைப் பற்றி எழுதும்போது ‘பாதெரென்’ பொருந்தும். இன்றைய குருவை அப்படி அழைப்பது பொருந்தாது.

‘பொகுஷி’ என்பது சீர்திருத்தச் சபைப் போதகரைக் குறிக்கும். ‘அமா’ பௌத்தப் பிக்குணியைக் குறிக்கும். கத்தோலிக்க அருட்சகோதரியை ‘ஷூதோஜோ’ என்றே எழுத வேண்டும். ‘ஷூதோகாய்’ துறவற சபை, ‘ஷூதோஇன்’ துறவற இல்லம்.

கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து உருவாக்கி 1987-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு விவிலியத்தை ஒட்டி, கத்தோலிக்கர் ஆண்டவரின் பெயரை ‘இயெஸுஸு’ என்பதிலிருந்து ‘இயெஸு’ என்று மாற்றிக்கொண்டபோதும், சபையின் பெயர் மாறவில்லை. ஆகவே அதைப் பிழையென்று எண்ணித் திருத்தக் கூடாது.

இன்னொரு தவறு, ஜப்பானுக்குச் சென்ற அயல்நாட்டுக் குருக்கள் அனைவரையும் துறவற சபையினராகக் கொள்வது. மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்களை 1865-இல் நாகசாகியின் ஓஉரா ஆலயத்தில் கண்டறிந்த பெத்தித்ஜான், புதுச்சேரியிலும் பணியாற்றிய பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்தவர். அச்சபையினர் துறவற வார்த்தைப்பாடு கொடுப்பதில்லை. எனவே ஜப்பானியர் அதன் பெயரில் மறைபரப்புச் சபையைக் குறிக்கும் ‘சென்க்யோகாய்’ என்ற சொல்லையே வைத்துள்ளனர். அவரை ‘பெத்தித்ஜான் ஷிம்பு’ எனலாம். ‘ஷூதோஷி’, அதாவது துறவி, என்று எழுதலாகாது.