முக்திநாத் பயணம்: நேபாள மலைப்பாதைக்குத் தேவையான முன்னேற்பாடுகள்

திருமங்கையாழ்வார் பாடிய திருச்சாளக்கிராமம் என்று வைணவர்கள் போற்றும் முக்திநாத், நேபாளத்தின் முஸ்தாங் மாவட்டத்தில், அன்னபூர்ணா மலைத்தொடருக்கு வடக்கே ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலையில் ஓர் ஊர், மாலையில் அடுத்த ஊர், கடைசி நாள் இரவில் விமானம் என்று கோயில் சுற்றுலாக்களுக்கு நாம் வழக்கமாகப் போடும் கணக்கு இந்த மலையில் எடுபடாது. வயதான பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள், எத்தனை இடங்களைப் பார்க்கலாம் என்பதைவிட எத்தனை நாட்களைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளலாம் என்பதையே முதலில் முடிவு செய்ய வேண்டும்.

செல்வதற்கு ஏற்ற காலம் மார்ச் கடைசி முதல் மே வரையும், அக்டோபர், நவம்பர் மாதங்களும். முஸ்தாங் மழை மறைவுப் பகுதி என்பதால் ஆகஸ்டிலும் போகலாம் என்று சில பயண ஏற்பாட்டாளர்கள் சொல்வதுண்டு. முக்திநாத்தில் மழை குறைவு என்பது உண்மைதான். ஆனால் அங்கு போய்ச் சேர்வதற்கான பேனி, தாதோபானி, காசா வழிச்சாலை மழையில் நனைந்து சரியும் மலைச்சரிவுகளின் ஊடாகவே செல்கிறது. 2024 ஜூலையில், தெற்கிலிருந்து காட்மாண்டுக்குச் செல்லும் வழியிலுள்ள நாராயண்காட்–முக்லிங் சாலையில் ஏற்பட்ட நிலச்சரிவு, பயணிகளோடு இரண்டு பேருந்துகளைத் திரிசூலி ஆற்றுக்குள் தள்ளியது. ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தப் பயணத்தைத் தவிர்த்துவிடுவதே சரி என்பது என் உறுதியான கருத்து. புரட்டாசி, ஐப்பசி வாக்கில் வரும் தசைன் பண்டிகையின்போது ஊர் திரும்பும் மக்களால் பேருந்துகள் நிரம்பி வழியும், அலுவலகங்களும் மூடியிருக்கும். சாதாரண வாரங்களில் சனிக்கிழமை விடுமுறை.

இந்தியக் குடிமக்களுக்கு விசா தேவையில்லை. விமானத்தில் செல்வதானால் பாஸ்போர்ட் அல்லது தேர்தல் ஆணையம் வழங்கிய வாக்காளர் அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். ஆதார் அட்டை 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் 65 வயதைக் கடந்தவர்களுக்கும் மட்டுமே ஏற்கப்படுகிறது என்பதை அறியாமல், நடுத்தர வயதினர் அதை மட்டும் நம்பிப் புறப்பட்டுவிடக் கூடாது. அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும். மலைப்பயணம் தொடங்கும் பொக்காரா நகரில் வாங்கிக்கொள்ளலாம், இந்தியா, இலங்கை உள்ளிட்ட சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டினருக்குக் கட்டணம் குறைவு. இரண்டு பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்களையும் அடையாள ஆவணத்தின் நகல்களையும் எடுத்துச் செல்வது, சிம் கார்டு வாங்கவும் உதவும்.

இந்திய ரூபாய் 100-க்கு நேபாள ரூபாய் 160 என்பது நிலையான மாற்று விகிதம். பெரிய இந்திய நோட்டுகள் குறித்த விதிகள் அவ்வப்போது மாறிவந்திருப்பதால், 100 ரூபாய் நோட்டுகளாகக் கொண்டுசெல்வது சிக்கலற்றது. காட்மாண்டு, பொக்காரா கடைகள் பலவற்றில் யுபிஐ மூலம் பணம் செலுத்த முடிகிறது என்றாலும், மலையில் மின்சாரமும் இணையமும் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே ஜீப், தங்குமிடம், உணவு ஆகியவற்றுக்கான பணத்தைப் பொக்காராவிலேயே நேபாள ரூபாயாக மாற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரயிலில் செல்ல விரும்புவோர் கோரக்பூரில் இறங்கி, சுனௌலி எல்லையைக் கடந்து பைரஹவா வழியாகப் பொக்காராவை அடையலாம். பொக்காராவிலிருந்து முஸ்தாங் மாவட்டத் தலைநகரான ஜோம்சோம் வரை சிறிய விமானம் சுமார் 20 நிமிடங்களில் போய்விடும். இந்த விமானங்கள் காலையில் மட்டுமே பறக்கின்றன. அன்னபூர்ணா, தவுளகிரி மலைகளுக்கு இடையே கிடக்கும் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில், வெயில் ஏறியதும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிக் கடுங்காற்று கிளம்பும். முற்பகல் முடிவதற்குள் அது வலுத்துவிடும்; பிற்பகலில் ஆற்றுப்படுகையின் மணல் முகத்தில் குத்தும், எதிர்க்காற்றில் நடப்பதே சிரமமாகும். காலையில் மேகம் கலையாமல் இருந்து, அதற்குள் காற்றும் எழுந்துவிட்டால் அன்றைய விமானம் ரத்து. அப்படி ரத்தாகும் நாளை விதிவிலக்காக அல்ல, எதிர்பார்க்க வேண்டிய ஒன்றாகவே கருதித் திட்டமிடுங்கள். ஜீப்பில் செல்வதானால் விடியலில் புறப்பட்டு இருட்டுவதற்குள் சேர்ந்துவிட வேண்டும். வாகனத்தைப் பேசும்போதே, இரவில் ஓட்டுவதில்லை என்று ஓட்டுநரிடம் ஒப்புக்கொள்ளச் செய்வது நல்லது. புழுதிக்கு முகக்கவசம் அவசியம்.

உயரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பொக்காரா சுமார் 800 மீட்டர் உயரத்திலும், ஜோம்சோம் சுமார் 2,700 மீட்டர் உயரத்திலும் உள்ளன. முக்திநாத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரை ஊரில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். பொக்காராவிலிருந்து கிளம்பிய அன்றே கோயிலுக்கு ஏறுவது, சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வருகிற உடம்புக்குப் பெரும் சுமை. மார்பா, ஜோம்சோம், காக்பேனி ஆகிய ஊர்களில் ஒன்றில் ஓர் இரவாவது, முடிந்தால் இரண்டு இரவுகள் தங்கிவிட்டு, மறுநாள் காலையில் மேலே சென்று வழிபட்டு, இரவுக்கு மீண்டும் கீழே வந்துவிடுவதுதான் பெரியவர்களுக்கு ஏற்ற முறை.

தலைவலி, குமட்டல், பசியின்மை, தலைசுற்றல் ஆகியவை உயர நோயின் முதல் அறிகுறிகள். அவை தோன்றினால் மேலே ஏறக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்தாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சில் குழப்பம் தெரிந்தாலோ, அது நள்ளிரவாக இருந்தாலும் உடனே கீழே இறக்க வேண்டும். இரவில் வண்டி ஓட்டக் கூடாது என்ற விதியை மீறலாம் என்றால் அது இந்த ஒரு காரணத்துக்காக மட்டுமே. கடையில் விற்கும் சிறிய ஆக்சிஜன் குப்பி, கீழே இறங்குவதற்கு மாற்றாகாது. உயர நோய்க்கான மாத்திரைகளை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதை அவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். இதயம், நுரையீரல் தொடர்பான நோயுள்ளவர்கள் மருத்துவரின் சம்மதம் இல்லாமல் புறப்படவே கூடாது. இன்சுலின் உறைந்தால் பயன்படாது என்பதால், குளிர் நாட்களில் அதை உள்சட்டைப் பையில் உடலோடு ஒட்டி வைத்திருக்க வேண்டும்.

வாகனங்கள் ராணிபௌவா என்ற ஊர் வரைதான் செல்லும். அங்கிருந்து கோயிலுக்குச் சுமார் அரை மணி நேரம் ஏற்றத்தில் நடக்க வேண்டும். நடக்க இயலாதவர்களுக்கு மட்டக்குதிரைகள் கிடைக்கும். கருவறைக்குப் பின்னால் அரைவட்டமாக அமைந்த சுவரில், காளை முகம் கொண்ட 108 தாரைகளில் பனிமலை நீர் இடைவிடாமல் கொட்டுகிறது. அத்தனையிலும் தலையை நனைத்து, முன்னாலுள்ள இரு குண்டங்களிலும் மூழ்கி எழ வேண்டும் என்பது பலருடைய வேண்டுதல். அந்தப் பக்தியைத் தடுக்க யாருக்கும் மனம் வராது. என்றாலும் ஈரத் துணியோடு அந்தக் காற்றில் நிற்கும் முதியவரின் உடல்வெப்பம் விரைவாக இறங்கிவிடும். உள்ளங்கையில் நீரை ஏந்தித் தலையில் தெளித்துக்கொண்டே 108 தாரைகளையும் கடந்து செல்பவர்களும் உண்டு. பெரியவர்களுக்கு அது போதும். நீராடுபவர்கள் வெயில் ஏறிய பின், காற்று எழுவதற்கு முன், அதாவது காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் முடித்துக்கொள்ளலாம். உலர்ந்த உடை, துண்டு, கம்பளித் தொப்பி ஆகியவற்றோடு நனையாத ஒருவர் அருகிலேயே காத்திருக்க வேண்டும். குளிர்காலக் காலைகளில் தாரைகளின் கீழுள்ள கல்தளம் பனிக்கட்டியாக உறைந்திருக்கும். வழுக்கி விழுந்து எலும்பு முறிந்தால் முறையான சிகிச்சை வெகு தொலைவில்தான் கிடைக்கும்.

உணவில் சிரமமில்லை. சோறு, பருப்பு, காய்கறி சேர்ந்த தால் பாத் எல்லா ஊர்களிலும் சூடாகக் கிடைக்கும்.

பயணக் காப்பீடு எடுக்கும்போது, 4,000 மீட்டர் உயரம் வரையிலான மீட்புக்கும் ஹெலிகாப்டர் செலவுக்கும் அது பொருந்துமா என்று ஆவணத்தைப் படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள். நேபாளத்தில் காவல்துறைக்கு 100, ஆம்புலன்ஸுக்கு 102, சுற்றுலாக் காவலுக்கு 1144 ஆகிய எண்களைக் குழுவிலுள்ள எல்லோருடைய கைப்பேசியிலும் பதிந்துவையுங்கள். ஜோம்சோமிலிருந்து திரும்பும் நாளுக்கும் காட்மாண்டுவிலிருந்து ஊர் திரும்பும் விமானத்துக்கும் இடையே குறைந்தது இரண்டு முழு நாட்களை விட்டுவையுங்கள். அவை மிஞ்சினால் காட்மாண்டுவை அடுத்துள்ள பழைய நகரங்களான பக்தபூரையும் பாடனையும் நிதானமாகப் பார்க்கலாம்.