லினக்ஸில் இரண்டாவது கிராபிக்ஸ் கார்டு சும்மா கிடக்கிறதா?

சென்னை ரிச்சி தெருவில் பழைய லேப்டாப் வாங்கி உபுண்டு லினக்ஸ் போட்டவர்களுக்கு இது உதவும். இன்டெல், என்விடியா என இரண்டு கிராபிக்ஸ் சிப் இருந்தும் பிளெண்டர் போன்ற 3டி மென்பொருள் தவழ்ந்தால், முதலில் டெர்மினலில் 'எல்எஸ்பிசிஐ' (lspci) கொடுங்கள்; கணினியில் உள்ள கார்டுகளைப் பட்டியலிடும். இரண்டும் பட்டியலில் வந்தால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

அடுத்து என்விடியா கார்டின் நிலையைக் காட்டும் 'என்விடியா-எஸ்எம்ஐ' (nvidia-smi). டிரைவரோடு பேச முடியவில்லை என்று வந்தால், பல நேரம் செக்யூர் பூட்தான் காரணம்: கையெழுத்துச் சாவி பதிவாகாத டிரைவரை அது தடுக்கும். டிரைவரைக் கர்னலுக்கு ஏற்ப கட்டித் தரும் டிகேஎம்எஸ் (DKMS) வழியாக டிரைவரை நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும். ரீபூட்டில் நீலத் திரை வரும். அதில் சாவியைப் பதியும் 'என்ரோல் எம்ஓகே' (Enroll MOK) தேர்ந்து அதே பாஸ்வேர்டைத் தட்ட வேண்டும். அவசரத்தில் 'கன்டினியூ' அழுத்தினால் சாவி பதிவாகாது, லினக்ஸின் மையமான கர்னல் அந்த டிரைவரை ஏற்றாது. 'எம்ஓகேயுடில்' (mokutil) கட்டளையால் சாவியை மறுபடி இறக்குமதி செய்து ரீபூட் செய்யுங்கள்.

பிறகு எந்த கார்டு ஓட வேண்டும் என்று தேர்வு செய்யும் 'பிரைம்-செலக்ட்' (prime-select) கட்டளையில், தேவைப்படும்போது மட்டும் என்விடியாவை ஓட்டும் 'ஆன்-டிமாண்ட்' (on-demand) வையுங்கள். உபுண்டுவின் டெஸ்க்டாப்பான க்னோமில் செயலி ஐகானை ரைட் கிளிக் செய்தால் தனி கார்டில் திறக்கும் வசதி தெரியும். எப்போதும் என்விடியாவிலேயே ஓட்டினால் பேட்டரி சீக்கிரம் காலி.

பிராசசர் கோர்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. வேலையைப் பகிர்ந்து தருவதைக் கர்னலே பார்த்துக்கொள்ளும். ஆனால் நிரல்களைக் கம்பைல் செய்யும் 'மேக்' (make) கட்டளையை வெறுமனே கொடுத்தால் ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் செய்யும். '-ஜே' (-j) சேர்த்து, ஒரே நேரத்தில் எத்தனை வேலை என்று எண் கொடுங்கள்; எத்தனை கோர் உண்டு என்பதை 'என்ப்ராக்' (nproc) சொல்லும், அதையே உச்ச எண்ணாக வைத்துக்கொள்ளலாம். 8 ஜிபி ரேமில் பெரிய சி++ புராஜெக்ட் என்றால் 4 போதும், மீறினால் நினைவகம் தீர்ந்து கம்பைலர் பாதியில் சாகும். மே மாத வெயிலில் ஏசி இல்லாத அறை என்றால் இன்னும் குறையுங்கள்: சூடேறினால் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.