பழைய ஃபர் கோட்டு கைக்கு வந்தால்...

ரோமத்தை விரலால் வகிடெடுத்து அடிப்பக்கம் பாருங்கள். தோல் தெரிந்தால் அசல்; துணி நெசவு தெரிந்தால் செயற்கை. அடுத்து லேபிள். அமெரிக்காவில் 1952 ஆகஸ்டில் அமலுக்கு வந்த சட்டப்படி, விலங்கின் உண்மைப் பெயர் அதில் இருக்க வேண்டும். வெறுமனே ‘ஹட்சன் சீல்’ என்றிருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தையது. (அது சீல் என்ற கடல் விலங்கும் இல்லை, மஸ்க்ராட் என்ற எலி இன விலங்கின் சாயமேற்றிய ரோமம்தான்!) லைனிங் மாற்றியபோது லேபிள் போயிருக்கலாம், அப்போது தோள், காலர் வெட்டை வைத்துத்தான் காலத்தைக் கணிக்க முடியும்.

தோள்பட்டையை மெல்ல மடக்குங்கள். காகிதம்போல் சரசரத்தால் தோல் காய்ந்துவிட்டது. தைத்தாலும் தையலோரமே மறுபடி கிழியும், வாங்காதீர்கள்.

அகலமான ஹேங்கரில், பருத்தி உறையிட்டு, நெருக்காமல், இருட்டில் மாட்டுங்கள். சுமார் 10 டிகிரி செல்சியஸ், 50% ஈரப்பதம் நல்லது. பிளாஸ்டிக் உறை ஈரத்தை அடைத்துப் பூஞ்சை பிடிக்கவைக்கும். அந்துருண்டை வாடையோ ஏறினால் லேசில் போகாது.