உங்கள் ஊர் ஸ்டேஷனில் எத்தனை போலீஸ்? ஆர்டிஐ போட்டுக் கேட்கும் முறை

போர்செட்டில் மோட்டார் ஒயரை வெட்டிக்கொண்டு போவது எங்கள் பக்கம் கோடைக்குக் கோடை நடப்பதுதான். புகார் கொடுக்கப் போனால், "இருக்கிற ஆளை வைத்துக்கொண்டு எத்தனை ஊரைத்தான் பார்ப்பது?" என்கிறார்கள். சரி, இருக்கிற ஆள் எத்தனை, இருக்க வேண்டிய ஆள் எத்தனை என்று எழுத்திலேயே கேட்டுவிடுவோம் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். பதில் கிடைத்தது. அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். மனுவின் தலைப்பு, தேதி, கையெழுத்து போன்றவற்றை விட்டுவிடுகிறேன். வெள்ளைத்தாளில் லெட்டர் எழுதத் தெரிந்தால் போதும்.

யாருக்கு அனுப்புவது

ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டாம். பணியிடக் கணக்கு எஸ்.பி. ஆபீஸில் இருக்கிறது. "பொதுத் தகவல் அலுவலர், மாவட்டக் காவல் அலுவலகம்" என்று எழுதி மாவட்டத் தலைநகரைப் போட்டால் போதும். அலுவலகம் மாறிப் போனாலும் 6(3) பிரிவின்படி அவர்களே 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும்.

டெல்டாவில் மாவட்ட எல்லையைக் கொஞ்சம் கவனியுங்கள். மயிலாடுதுறை 2020 டிசம்பர் 28 முதல் தனி மாவட்டம். சீர்காழி, குத்தாலம், தரங்கம்பாடிக்காரர்கள் அதற்கு முந்தைய ஆண்டுகளின் கணக்கையும் கேட்பதென்றால் அது நாகப்பட்டினத்தோடு சேர்ந்துதான் இருக்கும். கும்பகோணம் எவ்வளவு பெரிய ஊராக இருந்தாலும் தஞ்சாவூர் எஸ்.பி.க்குக் கீழேதான். கடற்கரை ஊர்களில் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் ஸ்டேஷன்கள் தனி நிர்வாகம், ரயில்வே போலீஸும் தனி. இவை எஸ்.பி. ஆபீஸ் கணக்கில் வராது.

கட்டணம்

10 ரூபாய்க்குக் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் வாங்கி மனுவில் ஒட்டுங்கள். கோர்ட் வாசலில் முத்திரைத்தாள் விற்பவரிடம் கிடைக்கும். 10 ரூபாய் ஸ்டாம்ப் இல்லையென்றால் இரண்டு 5 ரூபாய் ஸ்டாம்ப் போதும். போஸ்டல் ஆர்டர் மத்திய அரசு அலுவலகங்களுக்கான பழக்கம், அதை இங்கே கொண்டுவர வேண்டாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணமே கிடையாது, சான்றின் நகலை வைத்தால் போதும்.

மாநில அரசின் ஆன்லைன் ஆர்டிஐ தளமும் இருக்கிறது. எனக்கென்னவோ காகிதம்தான் பிடிக்கும். மேல்முறையீடு வரை போக நேர்ந்தால் அனுப்பிய ரசீது, ஒப்புகை, மனு நகல் மூன்றும் ஒரே கவரில் கையோடு இருக்கும்.

கேள்வியை எழுதுவது

காரியமே இதில்தான் இருக்கிறது. "எங்கள் ஸ்டேஷனில் எத்தனை போலீசார் பணிபுரிகிறார்கள்?" என்று ஒற்றை வரியில் கேட்டால் ஒற்றை எண்தான் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஏனென்றால் ஒரு ஸ்டேஷனுக்கு மூன்று எண்கள் உண்டு. அரசு அனுமதித்த பணியிடங்கள் எத்தனை என்பது முதலாவது. அதில் ஆள் போட்டு நிரப்பியவை எத்தனை என்பது அடுத்தது. நிரப்பப்பட்டவர்களில் அந்த ஸ்டேஷனிலேயே நிஜமாக வேலை பார்ப்பவர்கள் எத்தனை பேர் என்பது மூன்றாவது. முதல் இரண்டும் கேட்ட உடனே வந்துவிடும். மூன்றாவதைப் பெயர் சொல்லிக் கேட்டால்தான் வரும்.

காரணம் அயல்பணி. போலீஸ் பேச்சில் இதை ஓ.டி. என்பார்கள். ஆள் ஸ்டேஷன் கணக்கில் இருப்பார்; வேலை பார்ப்பது தனிப்படையிலோ, ஏதாவது ஒரு அலுவலகத்திலோ. ஸ்டேஷனில் அவருடைய இடம் காலியிடமாகக் காட்டப்படாது. எடுத்துக்காட்டுக்கு, 30 பணியிடத்தில் 24 பேர் என்று பதில் வருகிறது. அந்த 24 பேரில் 7 பேர் அயல்பணி என்றால் ஊருக்கு இருப்பது 17 பேர். ஆனால் தாளில் காலியிடம் 6 மட்டுமே.

ஆகவே இப்படி எழுதுங்கள்:

"... காவல் நிலையம் தொடர்பாக, சென்ற மாதம் 1ஆம் தேதி நிலவரப்படி,
1. ஆய்வாளர், உதவி ஆய்வாளர், சிறப்பு உதவி ஆய்வாளர், தலைமைக் காவலர், முதல் நிலைக் காவலர், இரண்டாம் நிலைக் காவலர் ஆகிய ஒவ்வொரு பதவியிலும் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களின் எண்ணிக்கை.
2. அவற்றுள் நிரப்பப்பட்டவை, காலியாக உள்ளவை.
3. நிரப்பப்பட்டவர்களுள் அயல்பணியாகவோ மாற்றுப்பணியாகவோ வேறு இடத்தில் பணிபுரிவோரின் எண்ணிக்கை, பதவி வாரியாக.
பெயர் விவரம் தேவையில்லை. எண்ணிக்கை மட்டும் போதும்."

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பெயர் கேட்டால் 8(1)(ஜே) பிரிவைக் காட்டித் தனிப்பட்ட தகவல் என்று தள்ளிவிடுவார்கள். 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிரிவை இன்னும் இறுக்கிவிட்டது.

"ஏன் ஆள் போடவில்லை?" என்றும் கேட்காதீர்கள். அலுவலகத்தில் உள்ள ஆவணத்தைக் கேட்கத்தான் சட்டம். காரணம் கேட்டால் "இது தகவல் அல்ல" என்று ஒரே வரியில் மூடிவிடலாம். நீங்கள் எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அவர்களும் கேட்கக் கூடாது, அது 6(2). உளவுப் பிரிவு ஆட்களின் எண்ணிக்கையையும் சேர்க்க வேண்டாம். 24(4) பிரிவில் அப்படிப்பட்ட அமைப்புகளுக்கு மாநில அரசு விலக்கு அளிக்கலாம், அந்தச் சாக்கில் மொத்த மனுவும் மாட்டிக்கொள்ளும். மாவட்டம் முழுவதற்கும் ஒரே மனுவில் கேட்பதும் வேண்டாம். ஒரு ஸ்டேஷன், மிஞ்சினால் சில ஸ்டேஷன்கள் சேர்ந்த ஒரு உட்கோட்டம்.

இன்னொன்று. ஏ.ஐ.யிடம் எழுதி வாங்கிய நான்கு பக்க மனு, பாதிப் பக்கம் சட்டப் பிரிவு என்று சிலர் அனுப்புகிறார்கள். படிக்கிற கிளார்க்குக்கு எது கேள்வி என்றே தெரியாமல் போகிறது. ஒரு பக்கம் தாண்ட வேண்டாம்.

பதிலைப் படிப்பது

30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வந்ததும் எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு உதவி ஆய்வாளர்) வரிசையைப் பார்த்துக் குழம்பாதீர்கள். அனுமதித்ததைவிட அதிகம் பேர் இருப்பதாகக்கூட இருக்கும். இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தவர்கள் குறிப்பிட்ட ஆண்டுகள் பணி முடித்ததும் முதல் நிலை, ஏட்டு, எஸ்.எஸ்.ஐ. என்று உயர்த்தப்படுகிறார்கள். அதனால் மேலே வழியும், கீழே காலியிடம் பெருகும். கீழ் வரிசையை மட்டும் காட்டிப் பாதி ஸ்டேஷன் காலி என்று வாட்ஸ்அப்பில் போடுவது சரியல்ல. மொத்தத்தோடு மொத்தத்தைத்தான் ஒப்பிட வேண்டும்.

ஊர் மக்கள்தொகையோடு வகுத்துப் பார்க்கும் ஆசையும் வரும். கையில் இருப்பது 2011 கணக்கெடுப்பு. அதில் நாகப்பட்டினத்துக்கு உள்ள 16 லட்சத்துச் சொச்சம் இன்றைய மயிலாடுதுறையையும் சேர்த்தது. அதை இன்றைய நாகை போலீஸ் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் விடை வெறும் பொய். தஞ்சாவூருக்கும் திருவாரூருக்கும் இந்தச் சிக்கல் இல்லை.

ஆயுதப்படையையும் ஸ்டேஷன் கணக்கில் சேர்க்காதீர்கள். திருவாரூர் ஆழித்தேர், வேளாங்கண்ணிக் கொடியேற்றம் என்று பந்தோபஸ்துக்கு அவர்கள் வருவார்கள். உங்கள் ஊர் இரவு ரோந்துக்கு ஸ்டேஷன் ஆள்தான்.

மறுத்தால்

"பாதுகாப்புக் காரணங்களால் தர இயலாது" என்று 8(1)(ஏ) அல்லது 8(1)(ஜி) எழுதி அனுப்பினால் சோர்ந்துவிடாதீர்கள். 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போடலாம், கட்டணம் கிடையாது. வாதம் எளிது: காவல்துறை மானியக் கோரிக்கையின்போது சட்டமன்றத்தில் வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பிலேயே மாநிலம் முழுவதற்குமான பணியிட எண்ணிக்கை அச்சாகிறது. மத்திய உள்துறையின் கீழ் உள்ள போலீஸ் ஆராய்ச்சி மேம்பாட்டுப் பணியகமும் ஆண்டுதோறும் மாநில வாரியாக வெளியிடுகிறது. அரசே அச்சிடும் எண்ணின் ஒரு துண்டைத்தான் கேட்கிறேன் என்று எழுதுங்கள். ஒரு பகுதி மட்டும் ரகசியம் என்றால் 10ஆம் பிரிவின்படி மீதியைத் தர வேண்டும் என்றும் ஒரு வரி சேருங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. அங்கே வரிசை நீளம், பொறுமை வேண்டும்.

பின்சேர்க்கை: பதிவுத் தபால் கேட்டால் போஸ்ட் ஆபீஸில் இல்லை என்கிறார்களே என்று ஒருவர் கேட்டிருந்தார். 2025இல் பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள். ஸ்பீடு போஸ்ட்டே அனுப்புங்கள், டெலிவரி ஆன பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அன்றே பிரிண்ட் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். 30 நாள் கணக்கு மனு அங்கே கிடைத்த தேதியிலிருந்துதான் ஓடும்.

அயல்பணிக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்று இன்னொருவர் சொன்னார். அது அரைகுறைப் பதில், மறுப்பாகவே எடுத்துக்கொண்டு அந்த ஒரு கேள்விக்கு மட்டும் மேல்முறையீடு போடலாம். மொத்த மனுவையும் மறுபடி அனுப்ப வேண்டியதில்லை.